ஆஸ்பெட்டாஸ் அட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் தறி குடோன், கோழிப்பண்ணை, தோட்டத்துச் சாளை என்று கூரை வேலை எடுத்துச் செய்கிறேன். அட்டையை மாற்றலாமா என்று பேச்சு ஆரம்பித்தால் ரெண்டாவது கேள்வி "கேன்சர் வருமாமே" என்பதாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி பயமுறுத்தல். வேலை நடக்கிற இடத்தில் பார்த்தாலோ ஒருத்தருக்கும் பயமே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். நோய் பற்றிச் சொல்லியிருப்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. உங்கள் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அட்டைங்கறது சிமெண்டுதானுங்களே? அதுல என்னங்க விஷம்?

பெரும்பகுதி சிமெண்டுதான். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஆஸ்பெட்டாஸ் நார். அது பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற ஒரு வகைப் பாறை. தமிழில் கல்நார் என்பார்கள். தீப்பிடிக்காது, மட்காது, இழுத்தால் அறாது. மெல்லிய சிமெண்ட் தகடு வளையாமல் நிற்பதே அந்த நாரால்தான்.

பழைய அட்டை ஒன்று உடைந்து கிடந்தால், தொடாமல் குனிந்து விளிம்பைப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமெண்டுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பிசிறு ஒரு கட்டு. அது நீளவாக்கில் பிரிந்துகொண்டே போய், கண்ணுக்குத் தெரியாத இழையாகிக் காற்றில் மிதக்கும். வாசம் வராது, தொண்டை கரகரக்காது, தும்மல்கூட வராது. மூச்சோடு நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். காலில் ஏறிய வேலமுள்ளை ஊசி வைத்து எடுத்துவிடலாம். இதை எடுக்க உடம்பாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. வருசக்கணக்காக அங்கேயே கிடந்து புண்ணும் தழும்புமாக ஆக்குவதுதான் இதன் வேலை. விஷம் என்று சொல்வதைவிட உள்ளே தங்கிவிடுகிற தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீடே அட்டை வீடுங்க. முப்பது வருசமா அதுக்கடியிலதான் படுத்து எந்திரிக்கிறோம். எல்லாத்துக்கும் வந்துருமுங்களா?

வந்துவிடாது. அட்டை முழுசாக, விரிசல் இல்லாமல் இருக்கிற வரை நார் சிமெண்டுக்குள் பிடிபட்டுக் கிடக்கிறது. எவ்வளவு தூசியை, எத்தனை வருசம் மூச்சில் இழுத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து ஏறும். கூரைக்குக் கீழே குடியிருப்பவரையும், தினமும் அட்டையை அறுப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கேன்சர் ஆபத்தே கிடையாது என்று உறுதிசெய்யப்பட்ட அளவு எதுவும் இல்லை. முப்பது வருச வெயிலிலும் மழையிலும் மேல்பக்கச் சிமெண்டுத் தோல் கரைந்து, கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுகிற அட்டை என்றால் அதை மாற்றுகிற காலம் வந்துவிட்டது. அதுவரை ஒட்டடை அடிக்கும்போது அடிப்பக்கத்தை வறட்டு விளக்குமாறு போட்டுச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி கட்டிய கோலால் துடையுங்கள்.

சித்திரை வெயில்ல அட்டை காஞ்சா அதுல இருந்து கேஸ் வருமாமே?

வராது. அட்டைக்கடியில் அனல் அடிக்கிறது, தலை வலிக்கிறது என்றால் அது வெக்கை. அதற்கு வேறு வைத்தியம்.

என்ன நோயிங்க வரும்? கேன்சர் மட்டுந்தானா?

முதலாவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு, பிறகு சமதளத்தில் நடந்தாலே வாங்கும். வறட்டு இருமல் விடாது. இது பெரும்பாலும் பல வருசம் நிறையத் தூசி குடித்தவர்களுக்கு வருவது.

அடுத்து நுரையீரல் புற்றுநோய். ஆஸ்பெட்டாஸ் ஆலைத் தொழிலாளர்களிடம் இது அதிகம் என்று பிரிட்டனில் 1955-லேயே காட்டிவிட்டார்கள். மூன்றாவது மீசோதீலியோமா, நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வருகிற புற்றுநோய். தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் இதைக் கண்டறிந்து 1960-ல் எழுதினார்கள். அந்த நோயாளிகளில் சுரங்கத்துக்குள் இறங்காமல், அந்த ஊரில் சும்மா குடியிருந்தவர்களும் இருந்தார்கள். குரல்வளை, சினைப்பை புற்றுநோய்களுக்கும் ஆஸ்பெட்டாஸ் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. வேலையிடத்து ஆஸ்பெட்டாஸால் உலகம் முழுக்க வருசத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதில் மோசமான விஷயம் காலதாமதம். இன்று இழுத்த தூசிக்கு 20 வருசம் கழித்து, மீசோதீலியோமா என்றால் 30, 40 வருசம்கூடக் கழித்து நோய் தெரியும். இருபத்தி ரெண்டு வயசில் அட்டை அறுத்தவருக்கு அறுபது வயசில் மூச்சு வாங்கினால், அவருக்கே அந்த வேலை ஞாபகம் வராது.

அது அட்டை ஆலையில வேல செஞ்சவங்களுக்குத்தானுங்க வரும். நமக்கெதுக்கு?

ஆலை நம் பக்கத்திலும் உண்டு. போத்தனூரில் பல பத்தாண்டுகளாக அட்டை செய்கிறார்கள். ஆனால் ஆலையை விட்டுவிட்டு நம் ஊர்களில் யார் யார் தூசி குடிக்கிறார்கள் என்று பாருங்கள். கூரைக்கு அட்டை அறுக்கிற ஃபிட்டர், பழைய குடோனை இடித்துத் தள்ளுகிற ஆட்கள், உடைந்ததை வாரி வண்டியில் ஏற்றுகிற பெண்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பாய்லர் குழாய்க்குச் சூடு தாங்கச் சுற்றியிருக்கிற பழைய ஆஸ்பெட்டாஸ் கட்டைப் பிரிக்கிறவர்கள். கோயமுத்தூர் ஃபவுண்டரிகளில் அந்தக் காலத்து ஆஸ்பெட்டாஸ் கயிறு, கையுறை, துணி இவற்றோடு வேலை பார்த்தவர்கள்.

லாரி ஊர்க்காரர்கள் இந்தப் பட்டியலில் தங்களைச் சேர்ப்பதே இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றை வைத்து ஒரு அடி அடிப்பார்கள். கறுப்புப் புகையாக எழும்புமே, அது பிரேக் லைனர் தேய்ந்த தூசி. ஆஸ்பெட்டாஸ் கலக்காத லைனர் இப்போது நிறையக் கிடைக்கிறது. வண்டியில் ஏற்கெனவே இருப்பது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் அதே வேலை ஆகிவிடும், அதிகமாக ஐந்து நிமிசம் பிடிக்கும்.

வீட்டுக்காரம்மாவையும் இதில் சேர்க்க வேண்டும். ஆஸ்பெட்டாஸ் வேலைக்குப் போனவரின் துணியை உதறித் துவைத்த மனைவிகளுக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வேலைக்கென்று தனி லுங்கி, தனிச் சட்டை. உதறாமல் நேராகத் தண்ணியில் முக்குங்கள்.

கட்டிங் மிஷின்ல நாலு அட்டை அறுத்தா என்னங்க ஆயிரப் போகுது?

நாலு அட்டை அறுத்தவர் அதோடு நிறுத்தினால் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் நம் ஃபிட்டர்கள் வருசம் முழுக்க அறுக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் நடுவில் இதுதான் உயிர்நாடி என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கிற நாரை விடுவிக்க வேண்டுமென்றே ஒரு கருவி செய்தால் அது கட்டிங் மிஷினாகத்தான் இருக்கும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் சிமெண்டும் நாரும் சேர்ந்து பொடியாகி முகத்துக்கு நேரே வரும். வெள்ளைப் புழுதி அடங்கியதும் தூசி போய்விட்டது என்று நினைப்போம். கண்ணுக்குத் தெரிகிற புழுதிதான் கீழே விழுந்தது. மெல்லிய இழை மணிக்கணக்காகக் காற்றில் நிற்கும். அறுத்தவர் எழுந்து போய் டீ குடிப்பார். அதே இடத்தில் சித்தாள் வந்து வறட்டு விளக்குமாறால் கூட்டுவார். நாரெல்லாம் மறுபடி மேலே எழும்பும்.

அளவை முன்பே எடுத்து, அறுக்க வேண்டாத நீளத்தில் அட்டை வாங்குவது முதல் வழி. கோழிப்பண்ணைக் கூரைக்கு ஓரத்தில் அரையடி வெளியே நீண்டால் யாருக்கும் நட்டமில்லை. அறுத்தே ஆக வேண்டும் என்றால் திறந்தவெளியில், காற்று நம் முதுகுப்பக்கமிருந்து அடிக்கிற மாதிரி உட்கார்ந்து, கொஞ்சம் சோப்புத்தூள் கலந்த தண்ணியால் அட்டையை நன்றாக நனைத்து, கைரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். சோப்பு சேர்த்தால் தண்ணி நாருக்குள் இறங்கும். போல்ட்டுக்கு ஓட்டை போடுகிற இடத்தையும் ஈரமாக்கிவிட்டு, கைத் துளைப்பானோ மெதுவாகச் சுற்றுகிற டிரில்லோ போதும். கீழே விழுந்ததை ஈரச் சாக்கால் வழித்து எடுக்க வேண்டும். கூட்டவே கூடாது.

கொரோனாவுக்கு வாங்குன மாஸ்க் கெடக்குதுங்க. அதப் போட்டாப் போதாதா?

துண்டை மூக்கில் கட்டுவது, துணி மாஸ்க், நீலநிற ஆஸ்பத்திரி மாஸ்க் எல்லாம் இந்த இழைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான். என்95 அவற்றைவிட மேல், ஆனால் ஆஸ்பெட்டாஸுக்கு அதைச் சிபாரிசு செய்வதில்லை. பக்கவாட்டில் பில்டர் வைத்த, முகத்தோடு இறுக ஒட்டுகிற பி100 ரப்பர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. எந்த மாஸ்க்காக இருந்தாலும் முந்தைய பதிலில் சொன்ன ஈரவேலைக்கு அது துணைதான். அதற்குப் பதிலாக ஆகாது.

எங்கய்யன் பீடி குடிச்சுத்தானுங்க போனாரு. அட்டை மேல எதுக்குப் பழி போடறீங்க?

ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சூடு தாங்க ஆஸ்பெட்டாஸ் சுற்றுகிற காப்பு வேலை செய்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்து 1979-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ரெண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாவது ஆஸ்பெட்டாஸ் மட்டும் உள்ளவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் உள்ளவருக்குச் சுமார் 11 மடங்கு, ரெண்டும் உள்ளவருக்கு 50 மடங்குக்கு மேல். ஐந்தும் பதினொன்றும் கூடவில்லை, பெருகிவிட்டன.

அதனால் தூசி வேலை பார்த்தவர் இன்றைக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் பீடி சிகரெட்டை விடுவதுதான். உள்ளே போன நாரை எடுக்க முடியாது, இதை நிறுத்த முடியும். மீசோதீலியோமா மட்டும் புகைக்கும் புகைக்காததற்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

தறி ஓட்டறவங்க பாதிப்பேருக்கு இருமல் இருக்குது. மேல அட்டைதான். அதனாலயா?

பெரும்பாலும் அதனால் இருக்காது. பஞ்சுத் தூசிக்கென்றே பிசினோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நூல் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு வார லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுகும். காசநோயும் நம்மிடம் குறைவில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட் எடுங்கள். அட்டை மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே டிபியைக் கோட்டை விடக் கூடாது.

டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சுருமுங்களா?

உடம்பில் எவ்வளவு நார் இருக்கிறது என்று சொல்கிற ரத்த டெஸ்ட் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சை ஊதிப் பார்க்கிற டெஸ்ட், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். ஆரம்பத் தழும்பு எக்ஸ்ரேயில் தப்பிவிடும், சிடியில் தெரியும். நுரையீரல் உறையில் திட்டுத் திட்டாகத் தடிப்பு இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் அலறாதீர்கள். அது புற்றுநோய் இல்லை, தூசி போயிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

டாக்டரிடம் போகும்போது என்னென்ன வேலை, எந்த ஊரில், எத்தனை வருசம் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன காலதாமதத்தால் டாக்டர் இப்போதைய தொழிலை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார். "நாப்பது வருசத்துக்கு முந்தி அட்டை அறுத்தேன்" என்ற ஒரு வரியில் வைத்தியமே திசை மாறும். தழும்பைக் கரைக்க மருந்தில்லை. மூச்சுக்கு உதவி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி, தொடர்ந்து பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான்.

அட்டைல விழுகற மழைத்தண்ணியத்தான் தொட்டில புடிச்சுப் பொழங்கறோம். குடிக்கலாமுங்களா?

குடித்த நாரால் நோய் வருகிறது என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. மூச்சில் போவதுதான் நிரூபணமானது. பழைய ஏசி பைப்பில், அதாவது ஆஸ்பெட்டாஸ் சிமெண்ட் குழாயில், வருகிற தண்ணிக்கும் இதே பதில். இருந்தாலும் கூரைத் தண்ணியைக் குடிக்க நான் சொல்ல மாட்டேன், பறவை எச்சமே போதும். துவைக்க, மாட்டுக்கு, செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தாழ்வாரத்திலும் தொட்டி அடியிலும் படிகிற சாம்பல் நிறச் சேற்றைக் காயவிடாமல், ஈரத்தோடு வழித்துப் பையில் கட்டுங்கள். காய்ந்தால் அது தூசி.

உடைஞ்ச அட்டைய நொறுக்கிக் கட்டுத்தறி வாசல்ல நெரவிட்டோம். தப்புங்களா?

தப்புதான். நம் பக்கம் இதை எல்லோரும் செய்கிறார்கள். மாடும் டிராக்டரும் மிதித்து மிதித்து அது தினமும் அரைபடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அந்தத் துண்டைச் சாக்பீஸாக வைத்து வாசலில் நொண்டிக்குக் கட்டம் கிழிப்பதைப் பல தோட்டத்தில் பார்த்துவிட்டேன். கோடு வெள்ளையாக விழுவதே அட்டை பொடியாவதால்தான். அதை வாயால் ஊதியும் விடும் பிள்ளைகள்.

மேலே கிடக்கிற துண்டுகளை நனைத்துப் பொறுக்கித் தடித்த பாலிதீன் பையில் கட்டுங்கள், அதற்கு மேல் இன்னொரு பை. மீதியின் மேல் கெட்டியாக மண் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் கான்கிரீட் போடுங்கள். கட்டியதை எங்கே கொடுப்பது என்று மாநகராட்சியிலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலோ கேட்க வேண்டும். ஓடையில், குப்பைமேட்டில் கொட்டாதீர்கள். நெருப்பிலும் போடாதீர்கள், சூடேறினால் அட்டை பட்டாசாக வெடித்துச் சிதறும். தறி குடோன் தீப்பிடித்தால் அந்தச் சத்தம்தான் கேட்கும்.

பழைய கூரையை நாங்களே கழட்டிரலாமுங்களா?

தூசியைவிட முதலில் உங்களைக் கொல்லக்கூடியது கீழே விழுவது. பழைய அட்டை ஆள் எடையைத் தாங்காது. மேலே இருந்து பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். அட்டை மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது. குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று போல்ட் வரிசையைப் பார்த்து, அதன் மேல் பலகையோ ஏணியோ குறுக்கே போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டித்தான் ஏற வேண்டும். முடிந்தால் கீழே சாரம் போட்டு அடியிலிருந்தே கழற்றுங்கள்.

பிறகு தூசி. ஆனி, ஆடியில் இந்த வேலையை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், பொள்ளாச்சி பக்கம் அடிக்கிற அடிக்கு அடுத்த தோட்டம் வரை தூசி போகும். முந்தின நாளும் அன்றைக்கும் கூரையை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, கழலாததை அறுத்து, அட்டையை முழுசாகக் கயிறு கட்டி இறக்குங்கள். மேலேயிருந்து வீசி உடைத்தால் அரைநாள் மிச்சம் என்று ஆள் சொல்வார். அந்த அரைநாள் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கழட்ட வேண்டாம், மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுக்கலாமா?

அட்டை நன்றாக இருந்தால் அடிக்கலாம். தூசி கிளம்புவதும் குறையும், வெக்கையும் குறையும். பெயிண்டுக்கு முன்னால் பாசியை எடுக்கக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் பிரஷர் தண்ணி அடிப்பதும்தான் கெடுதி. நாளைக்கு மாற்ற வேண்டிய அட்டைக்குப் பெயிண்ட் செலவு வீண்.

வெள்ளை ஆஸ்பெட்டாஸ் ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. கெடுதல்னா கவர்மெண்டே தடை பண்ணியிருக்காதா?

வெள்ளை வகை, அதாவது கிரைசோடைல், நீல வகையைவிட உடம்பில் சீக்கிரம் சிதைகிறது என்பது உண்மை. அதனால் கேன்சர் வராது என்பது பொய். எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவன அமைப்பின் தீர்ப்பு. பிரிட்டன் வெள்ளை வகையை 1999-ல் தடை செய்தது, ஆஸ்திரேலியா 2003 கடைசியில், நமக்கு நார் விற்றுக்கொண்டிருந்த கனடாவே 2018-ல், அமெரிக்கா 2024-ல்.

நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புது அனுமதி கொடுப்பதை 1986-லும், பழையதைப் புதுப்பிப்பதை 1993-லும் நிறுத்தினார்கள். ஆனால் நார் ரஷ்யாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது, அட்டை செய்வதும் விற்பதும் சட்டப்படி சரி. நம் பூமியில் தோண்டக் கூடாது, வாங்கி வந்து கூரையில் போடலாம் என்பது என்ன நியாயமோ! மலிவு, மழை ஒழுகாது, துருப்பிடிக்காது என்பதற்குத்தான் இது ஓடுகிறது. ஏழை வீட்டுக்கு ஓலைக்கு அடுத்து கிடைத்த கூரை இது, அதையும் மறுக்க முடியாது.

புதுசு வாங்கறப்ப எப்படிங்க கண்டுபுடிக்கறது?

அட்டையில் ஐ.எஸ். 459 என்ற தர எண் இருந்தால் அது ஆஸ்பெட்டாஸ் நெளி அட்டை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆஸ்பெட்டாஸ் கலக்காத சிமெண்ட் அட்டையும் வருகிறது. பில்லில் அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். கோழிப்பண்ணைக்கும் குடோனுக்கும் கலர் பூசிய இரும்புத் தகரம், வீட்டுக்கு ஓடு, இவைதான் நான் சொல்வது. தகரத்துக்கு அடியில் வெக்கை தாங்கும் ஷீட் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கோழி தாங்காது.

எங்க மாமனாரு ஆலையில வேல செஞ்சு ரிட்டயர்டு ஆனவருங்க. இப்ப மூச்சு வாங்குது. ஏதாச்சும் கெடைக்குமுங்களா?

வழி இருக்கிறது. ஆஸ்பெஸ்டோசிஸும், ஆஸ்பெட்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் சட்டம் ஒப்புக்கொண்ட தொழில்நோய்கள். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெட்டாஸ் தொழிலாளர் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருசம் அல்லது வேலையை விட்டபின் 15 வருசம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆகவே ரிட்டயர்டு ஆகிவிட்டார் என்பதால் கேட்கக் கூடாது என்றில்லை.

முதலில் அவருடைய இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, பழைய சம்பளச் சீட்டு, வேலை அடையாள அட்டை எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நெஞ்சுநோய்ப் பிரிவிலோ காட்டி, டெஸ்ட் பற்றிய கேள்வியில் சொன்ன வேலை விவரத் தாளையும் கொடுத்து, வேலையால் வந்த நோயா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சான்று கைக்கு வந்தபின் ஆலைக்கு எழுத்தில் பதிவேட்டைக் கேட்டு, நகலோடு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்குப் பார்க்கிற வக்கீலையோ பாருங்கள். கூலிக்கு அட்டை அறுத்த ஃபிட்டர்களிடம் இந்தச் சீட்டெல்லாம் இருக்காது. அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து வைத்திருந்தால், இன்ன வேலை பார்த்தார் என்று காட்ட அந்த வாரிய அடையாள அட்டையாவது கையில் இருக்கும். பதியாதவர்கள் 60 வயசு ஆவதற்குள் பதிந்துவிடுங்கள்.